புதுப்பிப்பு: மீன் தேடும் கருவி டெமோவில் கேள்விகள்

மீன் தேடும் கருவியை (ஒலி அனுப்பி, எதிரொலியால் ஆழத்தையும் மீனையும் காட்டுவது) செய்து காட்டும்போது கேள்விகளைக் கடைசிக்கு ஒதுக்குங்கள் என்று முதற்பதிவில் எழுதியிருந்தேன். திருகோணமலைக் கடற்றொழிலாளர் முன் அது சரிவராது. விலை கேட்டால் பட்டரி, பொருத்துக்கூலி சேர்த்து உடனே சொல்லுங்கள். மழுப்பினால் மற்றது ஒன்றும் காதில் ஏறாது.

"எத்தனை பாகம் காட்டும்?" (ஆழ அளவு; 1 பாகம் சுமார் 1.8 மீற்றர்) இதுதான் சிக்கல். பெட்டியில் அச்சிட்டுள்ள உச்ச ஆழத்தை ஒப்பிக்காதீர்கள். திருகோணமலையின் கொட்டியாரக்குடாவில் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்டவே இறங்குகிறது. கருவி அனுப்பும் ஒலியின் அதிர்வெண் 200 கிலோஹேர்ட்ஸ் என்றால் ஆழங்குறைந்த இடத்தில் துல்லியம்; ஆழத்துக்கு 50 தான். பாகத்தில் கேட்டால் பாகத்திலேயே பதில்.

வாளித் தண்ணீரில் உணரியை (ஒலியை அனுப்பி வாங்கும் பகுதி) வைத்து ஆழம் காட்ட வேண்டாம். எதிரொலி உடனே திரும்புவதால் எண் தாறுமாறாக வரும், பிறகு அதற்கும் கேள்வி! கடலில் இறக்காமல் கருவியின் சிமுலேட்டரில் (பாவனைக் காட்சி) ஓட்டினால், மாதிரிப் படம் என்று முதலே சொல்லிவிடுங்கள்.