மிக்சி சத்தத்துக்கு அலறுகிறான், ஆனால் நாள் முழுக்கச் சுற்றுகிறான்: வீட்டில் என்ன விளையாட்டு கொடுக்கலாம்?

ஈரோட்டு அம்மா:
பையனுக்கு நாலரை வயது. மிக்சி, குக்கர் விசில், பைக் சைலன்சர், எதுவானாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். சட்டை லேபிளை வெட்டினால்தான் போடுவான், வெட்டின இடம் குத்தினால் அதையும் கழற்றி எறிவான். தயிர்சாதம், பருப்பு சாதம் என்று குழைவாக எது வந்தாலும் ஓங்கரிப்பு. முறுக்கு, அப்பளம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே போகும். சரி, சத்தமும் தொடுதலும் தாங்காத பிள்ளை என்று நினைத்தால், இதே பையன்தான் நாள் முழுக்கத் தட்டாமாலை சுற்றுகிறான், சோபாவிலிருந்து குதிக்கிறான், சுவரில் போய் மோதிவிட்டுச் சிரிக்கிறான். இரண்டும் எப்படி ஒரே பிள்ளைக்கு?

காட்டிய சென்டரில் சென்சரி பிராசசிங் பிரச்சினை (காது, தோல் போன்றவை அனுப்பும் உணர்வுகளை மூளை சரியாகக் கையாளாதது), வாரம் 5 நாள் ஓ.டி. தெரபி (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளுக்குப் பிள்ளையைப் பழக்கும் சிகிச்சை) வேண்டும் என்றார்கள். எங்கள் வருமானத்துக்கு 2 நாள்தான் முடிகிறது. உள்ளே ஊஞ்சல் ஆட்டுகிறார்கள், அரிசித் தொட்டியில் கை விடச் சொல்கிறார்கள், ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்வதில்லை. அப்புறம், சித்திரையில் குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்திருக்கிறார்கள். இப்போது 5 நடக்கிறது, ஒற்றைப்படை வயதிலேயே முடித்துவிட வேண்டும் என்கிறார் மாமனார். முடிவெட்டவே நாலு பேர் பிடிக்க வேண்டிய பையனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஓ.டி. திருச்சி:
குழந்தைகளுக்கான ஓ.டி. தெரபிஸ்டாக வேலை செய்கிறேன். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பது ரொம்ப சகஜம். காதும் தோலும் அனுப்புவது அவனுக்கு அதிகமாகத் தெரிகிறது. உள்காதிலிருந்து வரும் அசைவு உணர்வும், தசை மூட்டுகளிலிருந்து வரும் அழுத்த உணர்வும் போதவில்லை, அதனால் அவனே தேடிப் போகிறான். சுவரில் மோதுவதற்காக அடிக்காதீர்கள்.

இந்தத் தெரபிக்கு அடிப்படை போட்டவர் ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஓ.டி., 1972-இல் அவருடைய முதல் புத்தகம் வந்தது. அவர் முறையில் பிள்ளை தானாக விரும்பி விளையாட வேண்டும், கொஞ்சம் முயன்றால் முடிகிற அளவுக்கு அதில் சவாலும் இருக்க வேண்டும். அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்து அரிசிக்குள் அழுத்தினால் அது தெரபியே இல்லை. உங்கள் சென்டரில் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து பாருங்கள், விடமாட்டேன் என்றால் இடத்தை மாற்றுங்கள்.

வீட்டில் முதலில் பாரமான வேலைகள். சின்னக் குடத்தில் தண்ணீர் தூக்கட்டும், அரிசிப் பையைத் தரையில் இழுக்கட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், துவைத்த துணியைப் பிழியட்டும். தவளை மாதிரி தாவுவது, நீங்கள் காலைத் தூக்கிப் பிடிக்க அவன் கையால் நடப்பது, எல்லாமே தசைக்கும் மூட்டுக்கும் நல்ல தீனி. போர்வையில் சுருட்டி மேலே தலையணையை அழுத்தும் விளையாட்டு நிறையப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் தலை வெளியே இருக்க வேண்டும், அவன் "போதும்" என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். சேலையில் தூளி கட்டி முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால் அடங்குவான். வட்டமாகச் சுற்றினால் கிளர்ச்சி ஏறும், அதனால் தூங்கப்போகும் நேரத்தில் சுற்றல் வேண்டாம். முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ நிறுத்திவிடுங்கள், அதன் பாதிப்பு கொஞ்ச நேரம் கழித்துக்கூடத் தெரியலாம்.

தொடுவதற்குக் காய்ந்த பொருளில் ஆரம்பியுங்கள்: கேழ்வரகு, மணல். கரண்டியும் பொம்மை லாரியும் கொடுத்துவிட்டால் போதும், கை தானாக வரும். ஈரமானதெல்லாம் பிறகு. மிக்சிக்கு, சுவிட்சை அவனே போடட்டும், அவனே அணைக்கட்டும். சத்தம் எப்போது வரும் என்பது அவன் கையில் இருந்தால் பயம் பாதியாகிவிடும். ஒரு தடவை காது பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

மதுரை அக்கா:
என் பொண்ணுக்கும் இதே கதை, இப்போது ஏழாவது படிக்கிறாள். மொட்டைக்கு ஒரு வழி சொல்கிறேன் தங்கச்சி: பூமுடி. நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் கத்தரித்துக் காணிக்கை போடுவது. பெரும்பாலும் பெண்கள் கொடுப்பதுதான், ஆனால் பையனுக்குக் கூடாது என்று எந்தச் சாமியும் சொன்னதில்லை, பூசாரியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கூட்டம் இல்லாத கிழமையில் விடியற்காலையில் போங்கள், மேளம் வேண்டாம். நாங்கள் முடி வெட்டுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையாலும் தலையை நன்றாக அழுத்திவிடுவோம், மெஷின் கிடையாது, கத்தரிக்கோல்தான், அப்பா மடியில் இறுக்கி அணைத்து உட்காரவைத்து, முடிந்ததும் உடனே சட்டையை மாற்றிவிடுவோம், ஏனென்றால் கழுத்தில் ஒட்டும் பொடி முடிதான் அவளுக்குப் பெரிய எதிரி.

கணக்கு வாத்தியார்:
ஒரு அப்பாவாகச் சொல்கிறேன், கொஞ்சம் கசப்பாக இருக்கும். சென்சரி பிராசசிங் பிரச்சினை என்பது 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 (அமெரிக்க மனநல மருத்துவர்கள் வெளியிடும் நோய்ப் பட்டியல்) நூலில் தனி நோயாகவே இல்லை, ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகத்தான் வருகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2012-இல், இதைத் தனிப் பெயராக எழுதாதீர்கள், தெரபியை மொத்தத் திட்டத்தில் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம், ஆய்வுச் சான்று குறைவு என்றுதான் சொன்னது. அதற்காகப் பயனே இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் வாரம் 5 நாள் என்று சொல்பவரிடம் "எதற்காக, எதில் மாற்றம் தெரியும்?" என்று கேளுங்கள். இரண்டே விஷயம் எழுதிவையுங்கள், மிக்சி ஓடும்போது பக்கத்து அறையில் இருப்பது, ஒரு வாய் பருப்பு சாதம், இப்படி. சில மாதத்தில் அசையவில்லை என்றால் முறையை மாற்றச் சொல்லுங்கள். உள்ளே எடை வைத்துத் தைத்த பாரப் போர்வை என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள், ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பிரிட்டனில் சோதித்து 2014-இல் வெளியிட்டதில் தூக்கம் கூடவில்லை.

வளர்ச்சி சார்ந்த குழந்தை மருத்துவரிடம் ஆட்டிசம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. மையம் (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் இடம்) இருக்கும், இலவசம். ஆட்டிசம் என்று சான்றிதழ் கிடைத்தால் மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் தெரபிச் செலவும் ஒரு வரம்பு வரை வரும்.

ஈரோட்டு அம்மா:
எல்லாருக்கும் நன்றி. பூமுடி என்றதும் மாமனார் முகம் சுளித்தார், பிறகு பூசாரியையே கேட்டுச் சொல்கிறேன் என்றார். காதுகுத்து மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார் போல.

ஓ.டி. திருச்சி:
முடியும் காதும் ஒரே நாளில் வேண்டாம், அதை மட்டும் பிடிவாதமாகச் சொல்லுங்கள். காதுக்கு உங்கள் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள், மரத்துப்போகும் கிரீம் முன்னதாகவே தடவிக் குத்துபவர்கள் இருக்கிறார்கள். கோயிலில் தோட்டை மாட்டி மாமன் மடியில் உட்காரவைத்துச் சீரை முடித்துக்கொள்ளலாம்.