கப்பாளதுர்காவுக்குப் போனவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். பள்ளி மாணவர்களுக்குப் பல்லாவரத்தில் சார்னகைட் என்ற பாறையைக் காட்டினேன். எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பையும் நீலச்சாயல் குவார்ட்ஸையும் தொட்டுப் பார்த்தார்கள். ஆனால் வேறொரு பாறை சார்னகைட்டாக மாறும் தடத்தை அங்கே காட்ட முடியவில்லை.

கர்நாடகத்தின் கப்பாளதுர்காவில் அது கண்கூடு. நைஸ் எனப்படும், வரிவரியான சாம்பல்நிறப் பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னகைட்! நிலத்தின் ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில், பெரும் அழுத்தத்தில் பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட் கனிமங்கள் நீரிழந்து பைராக்சீன் என்ற நீரற்ற கனிமமாகியிருக்கின்றன. பாறையின் வரிகள் திட்டுக்குள் நுழைந்ததும் மங்கிவிடும். அந்த விளிம்பைத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

அங்குள்ள குவாரியில் யாரிடம் அனுமதி பெறுவது? பாதுகாப்பாக நின்று பார்க்க இடமுண்டா? போக முடியாவிட்டால், அந்த விளிம்பு தெரியும் கல்துண்டை யாராவது சில நாள் இரவல் தருவீர்களா? பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.