ஒரே தோட்டா, இரண்டு ரைஃபிள்கள், இரண்டு வேகங்கள்: காரணம் என்ன?

வரிக்குழல் கேட்கிறார்:

வணக்கம். என்னிடம் .308 வின்செஸ்டர் என்ற தோட்டா ரகத்தில் இரண்டு போல்ட் ரைஃபிள்கள் (போல்ட் என்ற பூட்டைக் கையால் தூக்கி இழுத்துத் தோட்டாவை ஏற்றும் வகை) உள்ளன. இரண்டின் பேரலும் (குழலும்) 24 அங்குலம். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த 168 கிரெயின் (சிறிய எடை அலகு) குண்டு, ஒரே தயாரிப்புத் தொகுதிப் பவுடர் (வெடிமருந்து), ஒரே வகைப் பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), ஒரே நிறுவனத்தின் பித்தளைக் கேஸ் (தோட்டாவின் கூடு) ஆகியவற்றைக் கொண்டு நானே நிரப்பிய தோட்டாக்களை, இரண்டிலும் மாற்றி மாற்றிச் சுட்டு, ரேடார் குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவியில்) அளந்தேன். பழைய ரைஃபிளில் சராசரி வேகம் நொடிக்கு 803 மீட்டர். புதியதில் 778 மட்டுமே. இது இயல்பானதா? புதியதற்கு மட்டும் பவுடரைச் சிறிது கூட்டி இரண்டையும் சமமாக்கலாமா? ஐந்து சுடுதல்களில் புதியதன் திட்டவிலக்கம் (வேகங்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 3 மீட்டர், பழையதன் திட்டவிலக்கம் 6 மீட்டர். அப்படியானால் புதிய பேரல்தான் தரமானது என்று கொள்ளலாமா?

நெடுங்கோடு:

இயல்பானதுதான். இந்த ரகத்தில் பேரல் ஓர் அங்குலம் நீண்டால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6 முதல் 9 மீட்டர் வரை கூடும் என்பதைப் படித்தவர்கள், நீளம் சமமானால் வேகமும் சமமாகிவிடும் என்று எதிர்பார்ப்பது இயற்கை. ஆனால் குண்டைத் தள்ளுவது வாயுவின் அழுத்தம். பவுடர் எரியத் தொடங்கும் கட்டத்தில் வாயு விரிவதற்குச் சிறிதளவு கூடுதல் இடம் கிடைத்தாலும் அழுத்தம் தணியும். அழுத்தம் தணிந்தால் பவுடர் எரிவதும் மெதுவாகும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்து, அளவுகருவியில் மட்டும் தெரியும் ஒரு நுண்ணிய வேறுபாடு வேகத்தில் பெரிதாக வெளிப்படும்.

முதலில் பார்க்க வேண்டியது த்ரோட், அதாவது தோட்டா அமரும் அறையான சேம்பருக்கும், பேரலின் உட்புறத்தில் குண்டைச் சுழலவைக்கும் வரிகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள வரியில்லாத பகுதி. அது நீளமாக இருந்தால், குண்டு வரிகளைத் தொடுவதற்கு முன்பே கொஞ்சம் தூரம் தடையின்றி நகர்ந்துவிடும். அடுத்தது சேம்பரின் கொள்ளளவு. சேம்பரைக் குடையும் கருவி ரீமர். புதிய ரீமர் வெட்டும் சேம்பர் சற்று அகலமாகவும், பலமுறை தீட்டித் தேய்ந்த ரீமர் வெட்டுவது சற்று இறுக்கமாகவும் அமையும். இரண்டும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் இருக்கும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு ரைஃபிள்களிலும் சுட்ட, இன்னும் சைஸ் செய்யாத (பழைய அளவுக்கு அழுத்திச் சுருக்காத) கேஸ்களைச் சுட்ட பிரைமரை அகற்றாமல் எடையிடுங்கள். பிறகு கழுத்தின் விளிம்புவரை, குமிழி எதுவும் தங்காதபடி தண்ணீர் நிரப்பி மீண்டும் எடையிடுங்கள். இந்த ரகத்தில் தண்ணீரின் எடை ஏறத்தாழ 56 கிரெயின் வரும். இரண்டு ரைஃபிள்களின் கேஸ்களுக்கும் இடையில் சீரான வேறுபாடு தென்பட்டால், உங்கள் விடையின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. பேரலின் உள்விட்டமும் உட்பரப்பின் வழவழப்பும் எஞ்சியவற்றைத் தீர்மானிக்கும்.

இன்னொன்று: புதிய பேரல் முதல் நூறு, இருநூறு குண்டுகளுக்குள் சற்று வேகம் பிடிப்பதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். ஆகவே 778 என்பதை இப்போதே இறுதி எண்ணாக எழுதிவைக்க வேண்டாம்.

கருமருந்து:

என் பார்வையில், மெதுவான ரைஃபிளில் அழுத்தமும் குறைவாகவே இருக்கும். தோட்டா நிரப்பும் கையேடு கூறும் உச்சப் பவுடர் அளவைத் தாண்டாமல், சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போய் வேகத்தைச் சமமாக்குவதில் தவறில்லை. பிரைமர் தட்டையாகிறதா, போல்ட் இறுகுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அழுத்தமானி:

கருமருந்து அவர்களின் கருத்தில் பாதியை ஏற்கிறேன். த்ரோட் நீளமாக இருப்பதால் வேகம் குறைந்தால், அழுத்தமும் குறைந்திருக்கக்கூடும். ஆனால் உட்பரப்பு சொரசொரப்பாக இருந்து, உராய்வால் வேகம் குறைந்திருந்தால் அந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது கூட்டுகிற பவுடர், ஏற்கெனவே போதிய அழுத்தத்தில் இருக்கும் சேம்பரின் மீது மேலும் சுமையை ஏற்றும். குரோனோகிராஃப் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

பிரைமரும் போல்ட்டும் தரும் அறிகுறிகளை நம்பி ஏறுவது எனக்கு உடன்பாடில்லை. .308 வின்செஸ்டருக்குச் சாமி (SAAMI) என்ற அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தர அமைப்பு வகுத்த உச்சச் சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. போல்ட் தூக்கக் கடினமாகும் வேளையில் அந்த எல்லையைப் பெரும்பாலும் கடந்திருப்போம். மென்மையான பிரைமரோ எல்லைக்குள் இருக்கும்போதே தட்டையாகிவிடும். கையேட்டின் வேகத்தைத் துரத்துவதும் அதே வகைதான். அந்த எண்கள் பல சமயம், இறுக்கமான அளவுகளில் செய்த சோதனைப் பேரலில் எடுக்கப்பட்டவை. நம் ரைஃபிள் அதைவிட மெதுவாக இருப்பதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. மாறாக, உச்ச அளவை எட்டுமுன்பே கையேட்டின் வேகத்தை உங்கள் ரைஃபிள் எட்டிவிட்டால், பேரல் நீளமும் சமமாக இருக்கும்போது, அழுத்தமும் உச்சத்தை எட்டிவிட்டது என்று கொண்டு நிறுத்துங்கள். ஆகவே வேகத்தைச் சமமாக்குவதற்காகப் பவுடரைக் கூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சராசரியன்:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஐந்து சுடுதல்களில் கிடைத்த திட்டவிலக்கம் மிகவும் தளர்வான எண். 95 விழுக்காடு நம்பகத்தில், உண்மையான மதிப்பு நீங்கள் கண்டதைப்போல் 0.6 மடங்கு முதல் 2.9 மடங்கு வரை எங்கும் இருக்கலாம். ஆகவே உங்கள் 3 என்பது 8 ஆகவும், 6 என்பது 4 ஆகவும் இருக்க இடமுண்டு. பேரலின் தரத்தை இதிலிருந்து முடிவுசெய்ய இயலாது. சராசரிகளின் நிலை வேறு: அவற்றின் பிழை மூன்று மீட்டருக்குள் அடங்கும் என்பதால், 25 மீட்டர் இடைவெளி உண்மையானதே. முப்பது சுடுதல்களேனும் சேர்ந்தபின் திட்டவிலக்கத்தை ஒப்பிடுங்கள்.

வரிக்குழல்:

அனைவருக்கும் நன்றி. பவுடர் அளவை மாற்றப்போவதில்லை. தண்ணீர் எடையைப் பார்த்துவிட்டு எண்களை இங்கே பதிகிறேன். 3 விழுக்காடு வேகக் குறைவு, ஒரே தூரத்தில் குண்டின் இறக்கத்தை 6 விழுக்காட்டுக்கு மேல் கூட்டும் என்பதால், இரண்டு ரைஃபிள்களுக்கும் தனித்தனி இறக்க அட்டவணை தயாரிக்கத் தொடங்கிவிட்டேன்.