ஆடிப்பெருக்குக்கு அப்பாயி புடவைப் பூ

நான்: ஆடி 18க்கு வர்ற நம்ம வீட்டுப் பொண்ணுங்க 9 பேருக்கும் இந்த வருஷம் கடை வளையல் வேணாம்னு இருக்கேன். நானே துணியில பூ மடிச்சு, கிளிப்ல ஒட்டித் தரப்போறேன். ஜப்பான்ல தலையில வைக்கிற கன்சாஷி மாதிரி. சின்னச் சதுரப் பட்டுத்துணியை இடுக்கியால மடிச்சு இதழ் இதழாச் செய்வாங்க. கியோட்டோல நாட்டியம் பழகுற பொண்ணுங்க மாசத்துக்கு ஒரு பூ மாத்தி வைப்பாங்களாம்.

கும்பகோணம் சித்தி: ரொம்ப அழகாருக்குடி. டெய்லர்கிட்ட பட்டு வெட்டுத்துணி மூட்டையாக் கிடக்கு, அள்ளிட்டு வரவா?

நான்: கொண்டாங்க சித்தி, இலைக்கு ஆகும். பூ மட்டும் அப்பாயியோட கூறைப்புடவையில.

பெரியத்தை: அம்மா கல்யாணப் புடவையையா கத்தரிக்கப் போற? எனக்கு மனசு ஒப்பலை.

நான்: மடிப்பு மடிப்பா இத்துப்போச்சு அத்தை, பிரிச்சாலே கிழியுது. முந்தியும் கரையும் தொடமாட்டேன். உடல்ல நல்லா இருக்குற இடமாப் பாத்து 5 செ.மீ. சதுரமா எடுப்பேன், பூவுக்கு 5 இதழ். கூறைநாட்டுத் தறியில பட்டும் பருத்தியும் கலந்து நெஞ்சதால மடிப்பு நல்லா நிக்குது. கட்டம் நடுவுல வர்ற மாதிரி வெட்டி மூலைக்கு மூலை மடிச்சா, ரெண்டு பக்கக் கோடும் ஒரே இடத்துல வந்து சேருது. இதழுல நரம்பு ஓடுன மாதிரியே இருக்கு.

தம்பி வீட்டுல: அக்கா, சாட்டின் ரிப்பனுக்கு நான் மெழுகுவத்தியில ஓரத்தைக் காட்டுவேன், உருகி ஒட்டிக்கும்.

நான்: நேத்து காட்டுனேன்மா. முடி பொசுங்குன நாத்தம், ஓரம் கருகி விரல்ல பொடியா வந்துது. ஒரு இதழ் வீணாப் போச்சு. சாட்டின் பாலியஸ்டர், அதான் உருகுது. பட்டு உருகாது. ஜப்பான்லயும் அரிசிப் பசைதான். பலகையில தடவி, மடிச்ச இதழை அது மேல நிறுத்தி, அடி ஊறுனப்புறம் பூவா அடுக்குறாங்க.

பெரியப்பா: பசையில துளி மயில்துத்தம் போடும்மா. பூச்சி அரிக்காது. புத்தக பைண்டிங்குக்கு அப்படித்தான் காய்ச்சுவோம்.

பெரியத்தை: வேணாம் அண்ணா, அது விஷம். சின்னதுங்க வாயில வச்சுக்கும்.

நான்: போடலை பெரியப்பா. நடுவுல வைக்கிற முத்தைக்கூட ஒட்டாம ஊசியால தச்சிடுறேன். எல்லாரும் ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும். படித்துறையில முழுகி எழுந்து, தலையை நல்லாத் துவட்டுனப்புறம்தான் பூ வைக்கணும். அரிசிப் பசை ஈரத்துல விட்டுடும்.

அண்ணன்: அப்பாயி பேசுனதை அப்படியே எழுதுறேன். “பொட்டியில கிடந்து இத்துப்போறதுக்கு, பேத்திங்க தலையில இருக்கட்டும். பச்சரிசியை நைசா அரைச்சுக் கஞ்சியாக் காய்ச்சி, வெள்ளைத் துணியில வடிகட்டு. கட்டி இருந்தா பட்டுல திட்டுத் திட்டாத் தெரியும். என் கொண்டைக்கும் ஒண்ணு வையி.”

நான்: அப்ப 10 பூ. 50 இதழ்.

பெரியத்தை: புதன்கிழமை காலையில வரேன். கத்தரிக்கோலை சாணை பிடிச்சு வை. புடவையை நானே வெட்டுறேன்.