பெர்லினா, சிகாகோவா? நேரத்துக்காக ஓடுறவங்க எங்க ஓடணும்?

விடிகாலை:
போன மாரத்தான் 3:38, அதாவது 3 மணி 38 நிமிஷம். அடுத்ததுல 3:30க்குள்ள வரணும். மேடு பள்ளம் இல்லாத பாதை, பெரிய ஊர், வழி நெடுக ஜனம், இதெல்லாம் வேணும். பெர்லின், சிகாகோ ரெண்டுக்கும் குலுக்கல்ல பேர் கொடுக்கப் போறேன். ரெண்டும் விழுந்தா எதை விடலாம்? நடுவுல ரெண்டு வாரம்தான், ரெண்டையும் ஓட உடம்பு தாங்காது.

ஸ்ப்ரீக்கரை:
பேர்லின்தான், யோசிக்கவே தேவையில்லை. 2003இல் போல் டெர்காட் 2:04:55 ஓடினதில் இருந்து 2022இல் கிப்சோகே 2:01:09 ஓடினது வரைக்கும், ஆண்களின் மரதன் உலக சாதனை எட்டுத் தரம் மாறினது. எட்டும் இங்கைதான். தொடங்கிற இடம் கடல்மட்டத்தில் இருந்து 38 மீற்றர், பாதையின்ரை ஆக உயரமான இடம் 53. இதைவிட என்ன வேணும்?

நேர்கோடு:
அந்தப் பட்டியல் 2022ல நின்னுபோச்சே! அடுத்த வருஷமே கிப்டம் சிகாகோவுல 2:00:35 ஓடிட்டாரு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். சாதனை ஓடுறவங்களுக்கு முன்னால வேகம் பிடிச்சுக் கொடுக்கிற பேஸர், அதுக்கு முன்னால காலி ரோடு. 3:30 ஓடுறவருக்கு முன்னால ஆயிரக்கணக்கான முதுகு. பெர்லின்ல தண்ணி கொடுக்கிற இடத்துல ஓடிப் பாருங்க. ரோடு முழுக்க பிளாஸ்டிக் கப், மேல தண்ணி, கால் வச்சா வழுக்கும். எல்லாரும் வேகத்தைக் குறைப்பாங்க, நீங்களும் குறைச்சுத்தான் ஆகணும். சிகாகோ தெருக்கள் அகலம், நெரிசல் சீக்கிரம் விலகிடும்.

ஸ்ப்ரீக்கரை:
சிகாகோவின்ரை வெயிலைப் பற்றி ஒரு வார்த்தையும் காணேல்லை. 2007இல் 31 பாகை வரை ஏறி, ஓட்டத்தைப் பாதியிலையே நிப்பாட்டினவங்கள். கனபேர் முடிக்காமலே திரும்பினவை. ஏரிக்காத்தும் சேர்ந்தால் தட்டையான பாதையால் ஒரு பிரயோசனமும் இல்லை.

நேர்கோடு:
வெயில் பெர்லினுக்குத் தெரியாததா? 2025 செப்டம்பர்ல சபாஸ்டியன் சாவே பாதி தூரத்தை 60:16ல கடந்தாரு, உலக சாதனையே வந்துடும்னு பார்த்தோம். சூட்டுல பின்பாதி இழுத்து 2:02:16. அவருக்கே அப்படின்னா நமக்கு? இன்னொண்ணு, ஓடுறவங்களைக் கூட்டம் கூட்டமா பிரிச்சு அனுப்புறதுல, பெர்லின்ல முதல் அலையே 9:15க்குத்தான் கிளம்பும். 3:30 ஓடுறவர் முடிக்கும்போது மதியம் தாண்டிடும். சிகாகோவுல 7:30க்கே ஆரம்பம். வெயில் ஏறுறதுக்குள்ள முக்கால்வாசி தூரம் முடிஞ்சிருக்கும்.

ஸ்ப்ரீக்கரை:
நேரம் சரி, ஒத்துக்கொள்றன். ஆனால் சிகாகோவில் தொடங்கின உடனை நிலத்தடிச் சாலை, பிறகு வானுயர் கட்டடங்கள். அங்கை செய்மதிச் சைகை ஒழுங்காகக் கிடைக்காது, கைக்கடிகாரம் காட்டிற வேகத்தை நம்பவே ஏலாது. முதல் சில கிலோமீற்றரில் எத்தனை பேர் அதைப் பார்த்து அளவுக்கு மீறி ஓடி, பிறகு கால் விட்டுப்போய் நடக்கினம்! பேர்லினில் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பலகை இருக்கு. கடைசியில் பிராண்டன்பேர்க் வாசல் தாண்டி சில நூறு மீற்றர், எல்லாம் சமதரை. உங்கடை ரூஸ்வெல்ட் வீதி ஏற்றம் கடைசி மைலுக்குள்ளைதானே வருது?

நேர்கோடு:
அது பாலம் ஏறுற அளவு ஒரு சின்ன மேடு. 42 கிலோமீட்டர் ஓடின காலுக்குப் பெரிசாத் தெரியும், உண்மைதான். நேரத்துல சில விநாடிதான் போகும்.

அளவுகோல்:
மேடு பத்தி ரெண்டு பேரும் இவ்வளவு பேசுறீங்க. நேரம் போறது வளைவுல. பாதையை அளக்கிறது ஒவ்வொரு வளைவுலயும் உள்ஓரத்தை ஒட்டி, ஓடக்கூடிய ஆகக் குறைஞ்ச வழியில. ரெண்டு ஊர்லயும் ரோட்டுல நீலக் கோடு போட்டிருப்பாங்க, அந்த வழிதான் அது. கூட்டத்துல வெளிப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கி ஓடினா 42.195 என்பது 42.6 ஆயிடும். 3:30க்கு கிலோமீட்டருக்கு 4:58 வேணும். 400 மீட்டர் கூடுதலா ஓடினா ரெண்டு நிமிஷம் போச்சு. 15 மீட்டர் மேட்டுல அவ்வளவு போகாது. அதனால விடிகாலை, எந்த ஊர்ல முன் அலையில இடம் கிடைக்குதோ அங்க ஓடுங்க. பதிவு பண்ணும்போது உங்க 3:38க்கான சான்றை மறக்காம கொடுங்க.

கடலோரம்:
ரெண்டையும் விட்டுட்டு வலென்சியா பாருங்க. டிசம்பர் முதல் ஞாயிறு, கடல்மட்டத்துலயே ஓட்டம், சூடு பெரும்பாலும் தொல்லை பண்ணாது. கிப்டமோட முதல் மாரத்தானே அங்கதான், 2022ல 2:01:53. கூட்டமும் பெர்லினைவிடக் குறைவு.

ஸ்ப்ரீக்கரை:
வலென்சியா நல்ல ஓட்டம்தான். ஆனால் அவர் பெரிய நகரம் கேட்டவர். பேர்லினில் 28ஆம் கிலோமீற்றரில், வில்டர் ஏபர் சந்தியில், மேளச்சத்தம் நெஞ்சுக்குள்ளை அடிக்கும். கால் சோரிற இடத்தில் அந்தச் சத்தம்தான் தூக்கிவிடும். நேரத்துக்கு ஓடுறவருக்கும் அது வேணும்.

நேர்கோடு:
பில்சென், சைனாடவுன்னு சிகாகோ பகுதிகள்லயும் அந்தச் சத்தம் உண்டு, அதுவும் 30 கிலோமீட்டருக்கு மேல, தேவைப்படுற நேரத்துல.

விடிகாலை:
அளவுகோல் சொன்ன மாதிரி ரெண்டுக்கும் சான்றோட பதிவு பண்றேன். ரெண்டும் விழுந்தா, 7:30 தொடக்கத்துக்காகச் சிகாகோ. ஸ்ப்ரீக்கரை கோவிச்சுக்காதீங்க.

ஸ்ப்ரீக்கரை:
கோவமில்லை, ஆனால் பிழையான முடிவு எண்டுதான் சொல்லுவன்.

நேர்கோடு:
அங்க பலகை மைல் கணக்குலதான் பெரிசா இருக்கும். மைலுக்கு 8 நிமிஷம் வச்சா 3:29:45 வரும். கடிகாரம் தானாவே ஒவ்வொரு மைலையும் கணக்குப் போடுற தானியங்கி லேப்பை அணைச்சிட்டு, ஒவ்வொரு பலகையிலயும் நீங்களே பொத்தானை அமுக்குங்க.