மீதி பூஜ்ஜியம், ஆனால் விடை தப்பு

சோமனூர்ப் பக்கம்

முப்படிப் பல்லுறுப்புக் கோவையைக் காரணிப்படுத்தப் போய் வழுக்கி விழுந்த கதை உங்களிடமும் இருக்கும், சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

நான் படித்தபோது இந்தக் கணக்கு பத்தாம் வகுப்பில் இருந்தது. இப்போது ஒன்பதிலேயே வந்துவிடுகிறது. அரையாண்டுத் தேர்வில் கேட்டிருந்தது: எக்ஸ் கியூப், மைனஸ் 7 எக்ஸ், பிளஸ் 6. கெழுக்களை, அதாவது எக்ஸ்களுக்கு முன்னால் நிற்கும் எண்களையும் கடைசி எண்ணையும், கூட்டினேன். 1, −7, 6. கூட்டினால் பூஜ்ஜியம், அதாவது எக்ஸுக்கு 1ஐப் போட்டால் கோவை பூஜ்ஜியம், அப்படியென்றால் எக்ஸ் மைனஸ் 1 ஒரு காரணி. அதுவரைக்கும் சரி.

கெழுக்களை மட்டும் வைத்து வகுக்கிற தொகுமுறை வகுத்தலுக்குக் கோடு போட்டு, இடது ஓரம் 1 எழுதி, மேலே 1, −7, 6 என்று வரிசையாக எழுதினேன். முதல் 1ஐக் கீழே இறக்கினேன். −7உடன் 1 சேர்ந்து −6. 6உடன் −6 சேர்ந்து பூஜ்ஜியம். மீதி பூஜ்ஜியம் வந்தாயிற்று, ஈவு எக்ஸ் மைனஸ் 6. ஆக விடை, எக்ஸ் மைனஸ் 1 இன்டு எக்ஸ் மைனஸ் 6. அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு வேறு.

முப்படிக்கு இரண்டே காரணிதான் வந்திருக்கிறதே என்று புத்தியில் உறைக்கவே இல்லை. ஐந்துக்கு ஒன்று போட்டிருந்தார் சார். பேப்பரைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். "மீதி ஜீரோ வந்திருக்குதுங்க சார்." அவர் ஒன்றும் பேசவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து −7க்கு முன்னால் ஒரு 0 எழுதிவிட்டுப் பேப்பரை என் பக்கம் தள்ளினார். எக்ஸ் ஸ்கொயர் உறுப்பு இல்லைதான், ஆனால் அதன் இடம் இருக்கிறது. 1, 0, −7, 6 என்று எழுதிச் செய்தால் கீழே 1, 1, −6, 0 வரும். ஈவு எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் மைனஸ் 6. அது எக்ஸ் பிளஸ் 3, எக்ஸ் மைனஸ் 2 என்று பிரியும்.

சரி, தப்பாகச் செய்தும் மீதி எப்படிப் பூஜ்ஜியம் வந்தது? அது பிடிபட எனக்கு வெகுநாள் ஆனது. 1ஐப் போட்டு வகுத்தால் மீதி என்பது கெழுக்களின் கூட்டுத்தொகைதான். நடுவில் 0 இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, கூட்டுத்தொகை மாறாது. 2ஐப் போட்டு இதே தப்பைச் செய்திருந்தால் மீதி −4 வந்து அங்கேயே காட்டிக்கொடுத்திருக்கும். 1 மட்டும் கூடவே இருந்து குழி பறிக்கும்.

அன்றைக்குப் பொழுதோட தறிக்குத் தார் (ஊடைநூல்) சுற்றிக்கொண்டே அப்பாவிடம் புலம்பினேன். அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "பாவுல ஒரு இழை அறுந்துட்டாலும் தறி நிக்காது கண்ணு, துணி வந்துட்டேதான் இருக்கும். வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாத்தான் கோடு தெரியும். அப்பறம் கூலில புடிப்பாங்க" என்றார். எனக்குக் கூலியில் நான்கு மார்க் பிடித்துவிட்டார்கள்.

கோபிப் பக்கம்

நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேனுங்க. எக்ஸ் கியூப் பிளஸ் 13 எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 32 எக்ஸ் பிளஸ் 20 என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, யார் முதலில் ஒரு காரணி கண்டுபிடிக்கிறீர்கள் என்றேன். ஒரு பெண் பிள்ளை தலையே நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால் 20இன் வகுத்திகளை எக்ஸுக்குப் பதிலாக வரிசையாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள்: 1, 2, 4, 5, 10, கடைசியில் 20. எண்ணாயிரம், ஐயாயிரத்து இருநூறு, அறுநூற்று நாற்பது, அப்புறம் இருபது. கூட்டி 13860 என்று எழுதி, "பூஜ்ஜியம் வரமாட்டேங்குதுங்க டீச்சர்" என்கிறாள். பாவம், ஒரு பெருக்கல்கூடத் தப்பில்லை.

"எல்லாமே பிளஸ் ஆச்சே அம்மிணி, பிளஸ் நம்பரைப் போட்டா எப்படிக் குறையும்?" என்றேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அப்புறம் −1ஐப் போட்டதும் முடிந்தது. மிச்சம் எக்ஸ் பிளஸ் 2, எக்ஸ் பிளஸ் 10. சூத்திரத்தைச் சொல்லித் தருகிற அவசரத்தில், கோவையை ஒரு தடவை பார்க்கச் சொல்லித்தர நான்தான் மறந்திருந்தேன்.

திருப்பூர்

நம்முது சின்னதுங்க. ஒற்றைப்படை அடுக்கின் கெழுக்களைக் கூட்டினால் வருவதும், இரட்டைப்படை அடுக்கின் கெழுக்களை மாறிலியோடு (எக்ஸ் இல்லாத எண்) சேர்த்துக் கூட்டினால் வருவதும் ஒன்றாக இருந்தால் எக்ஸ் பிளஸ் 1 காரணி. இதை மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஆனால் வகுக்கும்போது இடது ஓரத்தில் −1க்குப் பதிலாக 1ஐ எழுதிவிடுவேன். வருஷம் முழுக்க இதே கூத்து.

நாமக்கல் பக்கம்

எங்கள் டியூஷன் வாத்தியார் ஒரு சனிக்கிழமை கொடுத்தது: 2 எக்ஸ் கியூப் பிளஸ் எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் மைனஸ் 1. மாறிலி 1தான், அதனால் 1, −1 இரண்டையும் போட்டோம். ஒன்றுக்கு 3, இன்னொன்றுக்கு −3. காரணியே இல்லை என்று எழுதிவிட்டு டீக்கடைக்குக் கிளம்பிய கூட்டத்தில் நானும் ஒருவன். முன்னால் நிற்கும் 2ஐ யாரும் கண்டுகொள்ளவில்லை. அது 1ஆக இல்லாதபோது பின்னமும் வரலாம். அரையைப் போட்டால் கால், கால், அரை சேர்ந்து 1, அதில் 1 போனால் பூஜ்ஜியம். விடை 2 எக்ஸ் மைனஸ் 1 இன்டு எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் பிளஸ் 1. அன்று டீ ஆறிப்போனது.

ஈரோடு

ராமானுஜன் 1887 டிசம்பர் 22இல் பிறந்தது எங்கள் ஊரில். வளர்ந்தது கும்பகோணம் என்றாலும் நாங்கள் விடுவதாக இல்லை. 1902இல் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறையைத் தெரிந்துகொண்டவர், நாற்படிக்குத் தானே ஒரு வழி கண்டார். மறு வருஷம் ஐந்தாம் படியிலும் கை வைத்தார். அதற்குப் பொதுவான மூலக்குறிச் சூத்திரம் (வர்க்கமூலம், கனமூலம் போன்றவற்றை வைத்து எழுதுவது) கிடையாது என்று கணித அறிஞர் ஆபெல் 1824இலேயே நிரூபித்திருந்தது அவருக்குத் தெரியாது. ஐந்தாம் படியில் அவர் முட்டி நின்ற வயதில் நான் மூன்றாம் படியில் முட்டி நின்றேன்.

மறுபடி சோமனூர்

நேற்று அக்கா மகளுக்கு என் பழைய கணக்கையே கொடுத்துப் பார்த்தேன். ஒன்பதாவது படிக்கிறாள். 0 போடுகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டாள். ஆனால் இடது ஓரத்தில் 2 எழுதினாள். கீழே 1, 2, −3, 0. அதைப் பிரித்தால் எக்ஸ் பிளஸ் 3, எக்ஸ் மைனஸ் 1.

"கூட்டினா பூஜ்ஜியம் வருதே கண்ணு, 1ஐப் போட்டிருக்கலாமல்ல?"

"அது குழி பறிக்கும்னு நீங்கதான மாமா சொன்னீங்க?"