ஃபேட்டி லிவருக்கு ஆயுர்வேதம்: கஷாயம், பத்தியம், பேதி, ரத்தப் பரிசோதனை – அனுபவப் பகிர்வு

ஆயுர்வேத மருத்துவர்:

ஸ்கேனில் "ஃபேட்டி லிவர் கிரேடு 1" என்று வந்ததும் பலர் முதலில் வாங்குவது கீழாநெல்லிச் சூரணம். கல்லீரல் என்றாலே கீழாநெல்லி என்பது நம் ஊரில் ஊறிப்போன நினைப்பு. ஆனால் கீழாநெல்லி பேர்வாங்கியது காமாலையில். காமாலை பித்தம் கெட்டு வருவது; கல்லீரலில் கொழுப்பு படிவது கபமும் மேதஸும் (உடல் கொழுப்பு) மிஞ்சி வருவது. இரண்டுக்கும் மருந்தும் வேறு, பத்தியமும் வேறு. 1988-இல் சென்னையில் நடந்த கீழாநெல்லி ஆய்வைச் சிலர் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அது ஹெபடைடிஸ் பி வைரஸ் பற்றியது, கொழுப்பைப் பற்றியதல்ல. அந்த முடிவையும் பிறகு வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

பழைய நூல்களில் இதே பெயரில் ஒரு நோய் கிடையாது. கல்லீரல் வீக்கம் உதர ரோகத்தில், அதாவது வயிறு வீங்கும் நோய்களில் வருகிறது. ஆனால் காரணத்தைத் தேடினால் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் சூத்ர ஸ்தானம் 23-ஆம் அத்தியாயத்தில் அப்படியே இருக்கிறது: நெய்ப்பும் இனிப்பும் கனமும் மிகுந்த உணவு, புது தானியம், பால் வகைகள், வெல்லப் பண்டம், மாவுப் பண்டம், பகல் தூக்கம், உடல் அசைய மனமில்லாமை. இதற்குச் சந்தர்ப்பணம் என்று பெயர், அதாவது தேவைக்கு மேல் ஊட்டுவது. ஆகவே சிகிச்சையும் அபதர்ப்பணம்தான், ஊட்டத்தைக் குறைப்பது. கசப்பு மருந்துகள் அதற்குத் துணை மட்டுமே. கஷாயத்தைக் குடித்துவிட்டு மதியம் இரண்டு மணி நேரம் தூங்குபவருக்கு மூன்று மாதம் கழித்தும் ஸ்கேன் அதே கிரேடைத்தான் காட்டும்.

மருந்து தொடங்குமுன் பசியைப் பாருங்கள். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. நாக்கில் வெள்ளைப் படிவு, சாப்பிட்டபின் வயிறு கனம், ஏப்பம், மலம் ஒட்டிக்கொண்டு போவது, இவை இருந்தால் அக்னி மந்தம், அதாவது செரிக்கும் சக்தி குறைவு. அவர்களுக்கு முதல் ஐந்து முதல் ஏழு நாள் சுக்கு, கோரைக்கிழங்கு போன்ற பாசன (செரிக்கவைக்கும்) மருந்து, அதற்குப் பிறகே கசப்பு. நேர்மாறாக, உடல் பருத்தவர்களில் சிலருக்கு மூன்று மணி நேரத்துக்கொரு முறை பசி கொல்லும். மேதஸ் வழியை அடைத்ததால் வாயு வயிற்றிலேயே சுழன்று அக்னியை மூட்டுகிறது என்று சரகர் 21-ஆம் அத்தியாயத்தில் இதை விளக்குகிறார். இவர்களுக்குப் பசியைத் தூண்டும் திரிகடுகும் சித்ரகாதி வடியும் கொடுத்தால் பசி இன்னும் ஏறும், கூடவே எடையும் ஏறும். இவர்களுக்கு வேண்டியது "குரு அபதர்ப்பணம்": செரிக்க நேரமெடுத்து வயிற்றை நிறைக்க வேண்டும், ஆனால் ஊட்டம் குறைவாக இருக்க வேண்டும். பார்லியும் கொள்ளும் அந்த வகை.

கஷாயங்களில் நான் முதலில் எடுப்பது இரண்டு. கொழுப்புடன் மந்தமும் கபமும் தெரிந்தால் மாவிலங்கப் பட்டை முதன்மையான வரணாதி. அஷ்டாங்க ஹிருதயம் என்ற நூல் அதைக் கபம், மேதஸ், அக்னி மந்தம் மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறது. எஸ்ஜிபிடி (ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் நொதி) ஏறி, வாய்க்கசப்பும் எரிச்சலும் இருந்தால் வாசாகுளூச்யாதி. இரண்டையும் சேர்த்துக் குடிப்பதால் இரட்டைப் பலன் கிடைக்காது; வயிறுதான் கெடும்.

மருந்து தயாரிப்பவர்:

வாசாகுளூச்யாதியை வீட்டில் காய்ச்சுபவர்களுக்காக. சரக்கு எட்டு: ஆடாதோடை, சீந்தில் தண்டு, கடுக்காய்த் தோல், தான்றிக்காய்த் தோல், நெல்லிவற்றல், கடுகரோகிணி, நிலவேம்பு, வேப்பம்பட்டை. வகைக்கு 6 கிராம், மொத்தம் 48 கிராம், ஒரு நாளைக்கு. 16 பங்கு நீர் என்றால் ஏறக்குறைய 770 மி.லி. எட்டில் ஒன்றாக, அதாவது 95 மி.லி. அளவுக்கு வற்ற வேண்டும். அதை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு.

சரக்கை ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும், கடுகுக்கும் மிளகுக்கும் நடுவிலான பருமன். மிக்ஸியில் மாவாக்கினால் அடியில் பிடித்துக் கருகும், வடிகட்டினாலும் சேறாக இறங்கும், குடித்தால் குமட்டும். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மூடாமல், சிறு தீயில் காய்ச்சுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். பதினைந்து நிமிடத்தில் வற்றிவிட்டது என்றால் தீ அதிகம், சாறு இறங்கியிருக்காது. குக்கர் வேண்டாம். அலுமினியமும் வேண்டாம், எவர்சில்வர் அல்லது மண்பானை போதும். இரும்புச் சட்டியில் கடுக்காயும் நெல்லியும் மை போல் கறுத்துவிடும். காய்ச்சியது அன்றைக்கு மட்டும். மறுநாளைக்கு வைத்தால் புளித்துவிடும்.

கடையில் கிடைக்கும் கெட்டிக் கஷாயம் என்றால் 15 மி.லி.க்கு 45 மி.லி. வெந்நீர். அப்படியே குடித்தால் நெஞ்செரியும்.

நூல்படி இதற்குத் தேன் மேற்பொடி, அதாவது குடிக்கும்போது சேர்ப்பது. சூட்டில் கலக்காதீர்கள், கை பொறுக்கும் பதத்துக்கு ஆறியபின் ஒரு தேக்கரண்டி. சர்க்கரை நோய் உள்ளவர் தேனை விட்டுவிடலாம். காலையில் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி தேன் ஊற்றிக் குடிப்பதைக் கொழுப்புக் குறைப்பு என்று நினைக்கிறார்கள். அதில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி ஃபிரக்டோஸ், கல்லீரல் கொழுப்பாக்குவது அதைத்தான்.

கடுகரோகிணி மலத்தை இளக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை இளகிப் போவது சரி. நான்கைந்து முறை நீராகப் போனால் அதன் அளவைப் பாதியாக்க மருத்துவரிடம் கேளுங்கள். இமயமலையின் உயரத்தில் விளைவது, விலை அதிகம், அதனால் கலப்படமும் அதிகம். நல்ல வேர்த்தண்டு உள்ளே கறுப்பாக, உடைத்தால் சட்டென முறியும், நாக்கில் வைத்தால் கசப்பு நெடுநேரம் போகாது. கசப்பு இல்லாதது எதுவானாலும் கடுகரோகிணி அல்ல. கரிசலாங்கண்ணி வாங்குபவர்களுக்கும் ஒரு சொல்: வெள்ளைப் பூ கரிசாலையும் மஞ்சள் பூ கரிசாலையும் வெவ்வேறு செடிகள். மருத்துவர் எதை எழுதினார் என்று கேட்டு வாங்குங்கள்.

உணவு ஆலோசகர்:

பத்தியம் என்றதும் உப்பில்லாக் கஞ்சி என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அது காமாலைக்கான பழைய பத்தியம், இதற்குத் தேவையில்லை.

தோல் நீக்கிய வெள்ளைப் பார்லியை விட முழுப் பார்லி நல்லது. வாசம் வர வறுத்து, ரவையாக உடைத்து, 30 கிராமுக்கு ஆறு பங்கு நீரில் கஞ்சி. காலை உணவுக்குப் பதிலாகத்தான் இது. இட்லி நான்கு சாப்பிட்டுவிட்டு மேலே பார்லிக் கஞ்சி குடிப்பது சந்தர்ப்பணத்தை இன்னும் கூட்டும். மதியம் வரகு அல்லது சாமை, பாசிப்பயறு, புடல், பாகல், சுரை, கீரை. சிறுதானியம் என்பதற்காக அளவில்லாமல் சாப்பிடலாம் என்பது தவறு. அதிலும் மாவுச்சத்து அரிசிக்கு நெருக்கமாகவே இருக்கிறது. தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்பு, கால் பங்கு சோறு என்று பழகினால் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

கொள்ளு 30 கிராம், எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்து ரசமாக, வாரத்தில் மூன்று நாள். சூடு என்பதால் மூல ரத்தப்போக்கு, வயிற்றுப்புண், அமிலம் மேலேறும் தொல்லை உள்ளவர்களுக்கு ஒத்துவராது. அவர்களுக்குப் பாசிப்பயறு.

மோர் இந்த நோய்க்கு அருமையான துணை. ஆனால் கடைந்து வெண்ணெய் எடுத்த மோர், புளிக்காதது. தயிரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் அது நீர்த்த தயிர்தான், மோர் ஆகாது. மதியம் ஒரு டம்ளர், வறுத்த சீரகப்பொடியும் சுக்குப்பொடியும் சிட்டிகை சிட்டிகையாக. இரவில் தயிர் வேண்டாம். சர்க்கரை சேர்த்த நெல்லிக்காய்ச் சாறு பாட்டிலும், பழச்சாறும் அறவே வேண்டாம்; நெல்லிக்காயை முழுதாகச் சாப்பிடுங்கள்.

எடைக் கணக்கு: 80 கிலோ உள்ளவர் 4 கிலோ இறங்கினாலே கொழுப்பு குறையத் தொடங்கும். அழற்சி அடங்க 7 முதல் 10 சதவீதம், அதாவது 6 முதல் 8 கிலோ. வாரத்துக்கு அரை கிலோ போதும். வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் இறக்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது.

பஞ்சகர்ம மருத்துவர்:

விரேசனம், அதாவது பேதி சிகிச்சை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கல்லீரல் நோய்களுக்கு அது முக்கியமான சிகிச்சை என்பது உண்மை. ஆனால் வழக்கமான முறையில் அதற்கு முன் மூன்று முதல் ஏழு நாள் மருந்து நெய்யை நாளுக்கு நாள் அளவு கூட்டிக் குடிக்க வேண்டும். கபமும் மேதஸும் மிஞ்சியவருக்கு எடுத்ததும் நெய் கொடுக்கக் கூடாது, முதலில் ரூக்ஷணம் செய்து வறட்டவேண்டும் என்பது நூல் முறை. இதை விட்டுவிட்டு நெய்யில் தொடங்கினால் இரண்டாம் நாளே குமட்டலும் உடல் கனமும் வரும்.

இன்னொன்று, ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பின் அளவைப் பார்க்காமல் நெய்யைத் தொடவே கூடாது. 500-க்கு மேல் இருப்பவருக்குக் கொழுப்பை ஏற்றினால் கணைய அழற்சி வரலாம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி என்றால் அது அவசர சிகிச்சைக்குரியது, பேதி மருந்துக்குரியது அல்ல.

ஆகவே ஃபேட்டி லிவரில் பெரும்பாலும் நெய்யில்லாத வழி போதும்: திரிபலா சூரணம் 3 முதல் 5 கிராம், இரவில் வெந்நீருடன். தினம் ஒரு முறை தடையின்றிப் போனால் அந்த அளவே சரி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். திரிபலாவில் உள்ள கடுக்காயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

உடற்பயிற்சியைச் சரகர் லங்கனத்தின் (உடலை லேசாக்கும் சிகிச்சை) பத்து வகைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறார். நெற்றியிலும் மூக்கிலும் வியர்த்து, வாய் வறளத் தொடங்கும்வரை, அதாவது பாதி பலம் தீரும்வரை. வேகமாக நடந்தால் பெரும்பாலானவர்களுக்கு அரை மணி நேரத்தில் அந்த நிலை வந்துவிடும்.

கல்லீரல் மருத்துவர்:

இங்கே பேசியவர்கள் கவனமாகப் பேசியிருக்கிறார்கள். பரிசோதனைப் பக்கத்தை மட்டும் நான் சேர்க்கிறேன்.

ஸ்கேனின் கிரேடு கொழுப்பின் அளவைத்தான் சொல்லும். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. கிரேடு 1 உள்ளவருக்குத் தழும்பு முற்றியிருக்கலாம். அதற்கு ஃபிப்-4 கணக்கு: வயதை எஸ்ஜிஓடியால் (இன்னொரு கல்லீரல் நொதி) பெருக்கி, அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையால் (ஆயிரங்களில், 2 லட்சம் என்றால் 200) வகுத்து, மறுபடி எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 65 வயதுக்கு மேல் 2 வரை ஏற்கலாம். அதைத் தாண்டினால் ஃபைப்ரோஸ்கேன், அதாவது கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் சோதனை. 2.67-க்கு மேல் என்றால் மூலிகையில் மாதங்களைக் கழிக்காமல் கல்லீரல் நிபுணரிடம் போங்கள்.

சீந்தில் பற்றி. 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததைப் பதிவு செய்தார்கள். உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் வகை அது. இன்னொரு இனமான டினோஸ்போரா கிரிஸ்பாவோடு மாறிப்போயிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் விளக்கியது. அதன் தண்டில் கொப்புளம் கொப்புளமாகப் புடைப்பு நிறைய இருக்கும், மருந்துச் சீந்திலில் அப்படி இராது. எந்த இனமானாலும், தைராய்டு எதிரணுக்கள், முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் சீந்தில் சேர்ந்த கஷாயத்தைத் தவிர்ப்பதே என் அறிவுரை. மிளகுச்சாறு சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூலும் இப்படிக் கல்லீரலைக் கெடுக்கக்கூடியவற்றின் பட்டியலில் வருகிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இது பொருந்தாது.

எந்தக் கசப்பு மருந்தானாலும் தொடங்குமுன் ஒரு எல்எஃப்டி (கல்லீரல் ரத்தப் பரிசோதனை), நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒன்று, பன்னிரண்டாம் வாரம் ஒன்று. எஸ்ஜிபிடி தொடக்க அளவைவிட இரண்டு மடங்கு ஏறினாலோ, சிறுநீர் கறுத்தாலோ, உடல் அரித்தாலோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, உறையும் பாட்டிலும் கையிலெடுத்து வாருங்கள். "நோய் வெளியேறுகிறது" என்று தொடர்வதுதான் ஆபத்து. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினையும் கொழுப்புக்கான ஸ்டாட்டினையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர், உணவைக் குறைத்து நிலவேம்பும் சேர்க்கும்போது சர்க்கரை திடீரென இறங்கலாம்; முதல் இரண்டு வாரம் வீட்டிலேயே அடிக்கடி பாருங்கள்.

மருந்து தயாரிப்பவர்:

இரண்டு விட்டுப்போயின. ஆரோக்கியவர்தினி வடியைக் கல்லீரல் மாத்திரை என்று கடையில் கேட்டு வாங்குகிறார்கள். அதன் எடையில் பாதி கடுகரோகிணி. மீதியில் சுத்தி செய்த பாதரசம், கந்தகம், தாமிர பஸ்மம், லோக பஸ்மம் உண்டு. பாதரசம் மருந்து விதிகளில் நச்சுப் பொருள்களுக்கான ஈ-1 பட்டியலில் இருப்பது. அத்தகைய உள்மருந்து மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே என்ற எச்சரிக்கை உறையிலேயே இருக்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் வேண்டாம்.

ரோஹீதகாரிஷ்டம், குமார்யாசவம் போன்ற அரிஷ்ட ஆசவங்களில் நொதிக்கும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கும். உறையில் சதவீதம் அச்சிட்டிருப்பார்கள். குடியால் கல்லீரல் கெட்டவர், குடியை விட்டுக்கொண்டிருப்பவர் இவற்றைத் தொட வேண்டாம், அதே மருந்து கஷாயமாகவோ சூரணமாகவோ கிடைக்கிறதா என்று கேளுங்கள். வெல்லமும் அதில் நிறைய இருக்கிறது.

ஆயுர்வேத மருத்துவர்:

மெலிந்த உடலில் வரும் ஃபேட்டி லிவர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால். இவர்களுக்கு வரணாதியும் கொள்ளும் பட்டினியும் தசையைக் கரைக்கும், வாயுவைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். இடுப்பளவை மட்டும் குறைக்கப் பாருங்கள். இனிப்பையும் மாவையும் நிறுத்தி, பருப்பையும் பயறையும் கூட்டி, எடை தூக்கும் பயிற்சி வாரம் இரண்டு மூன்று நாள். மருந்தில் நெல்லிவற்றல் பொடி 3 கிராம் காலையில் போதும். மாதமொரு முறை தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்டபின் நாடாவால் அளந்து எழுதிவையுங்கள். இந்த உடல்வாகுக்கு எடை எந்திரம் எதையும் சொல்லாது.